மிலியா, லோமியா? ஆயா வீட்டுத் தொட்டிச் செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுத உதவி வேண்டும்

வளவுத்தோட்டம் (காரைக்குடி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் இருக்கும் எங்கள் ஆயா வீட்டைச் சென்ற ஆண்டு பழுது பார்த்து, வெளியூரிலிருந்து வருபவர்கள் சுற்றிப் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறோம். இரண்டாங்கட்டு முற்றத்தின் ஓரமாக ஏறத்தாழ நாற்பது தொட்டிகளில் சதைப்பற்றுச் செடிகள் உள்ளன. பாதி ஆயா வளர்த்தவை, மீதி நான் பல நர்சரிகளில் வாங்கியவை. ஒவ்வொரு தொட்டியிலும் தமிழ்ப் பெயரையும் அறிவியல் பெயரையும் எழுதிய சிறு பலகையை வைக்க விரும்பினேன். எழுத உட்கார்ந்தபோதுதான், கடைக்காரர்கள் சொன்ன பெயர்களில் எவை இயற்கையில் உள்ள சிற்றினங்களின் பெயர்கள், எவை மனிதர் கலந்து உண்டாக்கிய கலப்பினங்கள் என்பதே எனக்குத் தெரியவில்லை என்று உணர்ந்தேன்.

என் ஐயங்கள் மூன்று. ஆயா வளர்த்த முட்செடி ஒன்று மெல்லிய தண்டும் சின்னச் சிவப்புப் பூக்களுமாக ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. நான் வாங்கி வந்த இன்னொன்றுக்குக் கட்டைவிரலை விடப் பருத்த தண்டும், உள்ளங்கை நீள இலையும், ரூபாய் நாணயத்தை விடப் பெரிய பூவும் உள்ளன. இரண்டையும் யூபோர்பியா மிலி என்றே கடையில் சொல்கிறார்கள். அடுத்து, ஊட்டியிலிருந்து வந்ததாகச் சொல்லி விற்ற, சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த ரோஜா வடிவச் செடி ஒன்றை எச்சிவேரியா என்று கொடுத்தார்கள். படங்களோடு ஒப்பிட்டால் பத்து எச்சிவேரியாக்களைப் போலவும் இருக்கிறது, ஒன்றைப் போலவும் இல்லை. மூன்றாவது, இலை ஓரமெல்லாம் குட்டிகள் முளைத்து, உதிர்ந்த இடத்தில் எல்லாம் வேர் பிடித்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் இடுக்கு வரைக்கும் வந்துவிட்ட ஒரு செடி. வேலைக்கு வரும் பெண்கள் அதை ரணகள்ளி என்கிறார்கள்.

ஒரு செடியைப் பார்த்த மாத்திரத்தில், இது தூய சிற்றினம், இது கலப்பினம் என்று பிரித்தறிய வழி உண்டா? பிழையான பெயரை எழுதி வைத்து, அதைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் குறிப்பெடுத்துச் செல்வதை நான் விரும்பவில்லை.

பிரண்டைக்கொடி (தேவகோட்டை) எழுதியது:

அம்மா, வணக்கம். முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய வழி இல்லை. இலையின் வடிவத்தையும் நிறத்தையும் வைத்து முடிவு கட்டுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். நம் வீட்டு நிலைக்கு மேலே கட்டித் தொங்கவிடும் சோற்றுக்கற்றாழையையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்றாக இருக்கும்போது இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி, வளர்ந்தபின் புள்ளி மறைந்துவிடும். தாயையும் கன்றையும் தனித்தனியே பார்ப்பவர் இரண்டும் வெவ்வேறு செடி என்றுதான் சொல்வார். வயது, வெயில், நீர், தொட்டியின் அளவு ஆகியவை ஒரே செடிக்குப் பல தோற்றங்களைத் தரும் என்பதால், இலையைச் சான்றாக எடுப்பதற்கு முன் அந்தச் செடி முழு வெயிலில் முறையாக வளர்ந்து முதிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் முட்செடியைப் பற்றி உறுதியாகவே பேசலாம் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். யூபோர்பியா மிலி மடகாஸ்கர் தீவுக்கு உரியது. ரீயூனியன் தீவின் ஆளுநராக இருந்த மிலியுஸ் என்பவர் 1821-இல் அதைப் பிரான்சுக்குக் கொண்டு சென்றதாலேயே அந்தப் பெயர் வந்தது. தண்டு மெலிந்திருக்கும், இலைகள் இளந்தண்டில் மட்டும் நிற்கும், முட்கள் தண்டைச் சுற்றிலும் சிதறினாற்போல் இருக்கும். நாம் பூவிதழ் என்று நினைக்கும் இரண்டு சிவப்புத் தகடுகளும் இதழ்கள் அல்ல. அவை பூவடி இலைகள், உண்மையான பூக்கள் நடுவில் மிகச் சிறியனவாக ஒடுங்கியிருக்கின்றன. உங்கள் ஆயா வளர்த்தது, நீங்கள் சொல்லும் அடையாளங்களின்படி, உலகெங்கும் பழைய தோட்டங்களில் காணப்படும் ஸ்பிளெண்டென்ஸ் என்ற வகையாக இருக்க வாய்ப்பு மிகுதி.

நீங்கள் வாங்கி வந்தது யூபோர்பியா × லோமி என்ற கலப்பினக் கூட்டத்தைச் சேர்ந்ததாகத் தோன்றுகிறது. லோபோகோனா என்ற இன்னொரு மடகாஸ்கர் சிற்றினத்தையும் மிலியையும் கலந்து பிறந்தது அது, இரண்டு பெற்றோரின் பெயரிலும் முதலெழுத்துகளைச் சேர்த்து ஜெர்மானியத் தாவரவியலாளர் வெர்னர் ரவ் வைத்த பெயர்தான் லோமி. தாய்லாந்தில் இதைப் போய்சியன் என்று அழைத்து, பூவை மேலும் மேலும் பெரிதாக்கி எண்ணற்ற ரகங்களை உண்டாக்கினார்கள். சீனத் தொன்மத்தின் எட்டுச் சித்தர்களைக் குறிக்கும் சொல் அது. லோபோகோனா என்ற கிரேக்கப் பெயருக்கே கொண்டை வைத்த விளிம்பு என்று பொருள். அதன் தண்டு கோணம் கோணமாக இருக்க, அந்த விளிம்புகளில் முட்கள் சீப்பின் பற்களைப் போல வரிசை கட்டி நிற்கும். ஆகவே கையுறை அணிந்துகொண்டு, பால் கண்ணில் படாமல் கவனமாக, உங்கள் புதிய செடியின் தண்டைச் சுற்றிப் பாருங்கள். முட்கள் சிதறி நிற்காமல் விளிம்பில் வரிசையாக நின்று, தண்டும் கோணம் காட்டி, இலையும் தோல் போல் தடித்திருந்தால் லோபோகோனாவின் இரத்தம் அதில் ஓடுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தண்டு பருத்திருப்பது மட்டும் கலப்புக்குச் சான்று ஆகாது. மிலியிலேயே ஹிஸ்லோப்பி என்ற வகை ஆள் உயரத்துக்குப் பருத்த தண்டோடு வளரும், இம்பெரேட்டே என்ற வகை சாண் உயரத்துக்கு மேல் போகாது. ஒரு சிற்றினத்துக்குள் இருக்கும் வேறுபாட்டின் எல்லை எவ்வளவு என்று தெரியாமல், அந்த எல்லையைத் தாண்டியது கலப்பினம் என்று சொல்ல முடியாது. நம் பொட்டல்களில் முளைக்கும் கள்ளிமுளையானையே பத்து இடத்தில் பார்த்தால் பத்துத் தடிமனில் இருக்கும், அத்தனையும் கலப்பில்லாத ஒரே சிற்றினம்தான்.

செம்மண்காடு (திருப்பத்தூர் சாலை, நர்சரி) எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் தாவரவியல் எனக்குத் தெரியாது. ஆனால் பெயர் எங்கே தொலைகிறது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், அதைச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

நாங்கள் விற்கும் ரோஜா வடிவச் சதைச் செடிகளில் பெரும்பகுதி காலிம்பொங்கிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் பெட்டி பெட்டியாக வருகின்றன. ஒரு பெட்டியில் எட்டு வகை இருந்தால் இரண்டுக்குத்தான் பெயர் எழுதியிருக்கும். மற்றவற்றுக்கு வாங்குபவர் கேட்கும்போது வாய்க்கு வந்த பெயர் சொல்லப்படுகிறது. அங்கிருந்து இலை ஒடித்து வேர்விட வைத்து அடுத்தவருக்குப் போகும்போது அந்தப் பெயரும் மாறுகிறது. நானும் அப்படிச் சொல்லி விற்றிருக்கிறேன், இப்போது பெயர் தெரியாத செடிக்குப் பெயர் தெரியாது என்றே எழுதி வைக்கிறேன். அதனால் விற்பனை குறையவில்லை.

இன்னொரு குழப்பம் நம் பேச்சு மொழியில் இருக்கிறது. ஒட்டு என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளில் சொல்கிறோம். சோளம், தக்காளி விதை வாங்கும்போது வீரிய ஒட்டு என்றால் கலப்பினம், மாங்கன்று வாங்கும்போது ஒட்டு என்றால் ஒரு செடியின் மேல் இன்னொரு செடியின் கிளையைக் கட்டியது. அடுக்கு இதழ் கொண்ட அடினியத்தை ஒட்டுச் செடி என்று நாங்கள் விற்றால், வாங்குபவர் அதைக் கலப்பினம் என்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் விதையில் முளைத்த சாதாரண அடினியத்தின் தலையை வெட்டி, அதன் மேல் அடுக்குப் பூ ரகத்தின் கிளையை வைத்துக் கட்டியதுதான் அது. கட்டுக்குக் கீழே இருந்து துளிர் வந்தால் அதில் ஒற்றை இதழ்ப் பூ பூப்பதற்கும் இதுவே காரணம். அந்தப் பெரிய ரகங்கள் கலப்பில் பிறந்தவையா என்பது வேறு கேள்வி, கட்டிய தழும்பை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அம்மாவின் நாற்பது தொட்டிகளில் அடினியம் இருந்தால் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். செடி வாங்கும்போது எங்கிருந்து வந்தது, தாய்ச் செடி யாரிடம் இருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டு, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் யாராலும் திரும்பப் பெற முடியாத தகவல் அது ஒன்றுதான்.

கல்லுவெளி (புதுக்கோட்டை) எழுதியது:

மூன்றாவது செடிக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஆபத்து இருக்கிறது. இலை ஓரத்தில் குட்டி போடும் செடிகள் எல்லாம் நம் ஊரில் ரணகள்ளி என்ற ஒரே பெயரில் புழங்குகின்றன. உண்மையான ரணகள்ளி, அதாவது கலாஞ்சோ பின்னாட்டா, அகன்ற வட்ட இலையும், பிறை பிறையாக வெட்டுப்பட்ட விளிம்பும் உடையது. குட்டிகள் பெரும்பாலும் இலை உதிர்ந்து தரையில் கிடக்கும்போதுதான் முளைக்கும். செடியில் இருக்கும்போதே ஓரமெல்லாம் குட்டிகள் அடுக்கி நிற்பவை வேறு.

அப்படிப்பட்டவற்றில் மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இலை அகன்று, நீண்ட முக்கோணமாக, அடியில் கருஞ்சிவப்புத் திட்டுகளோடு இருந்து, விளிம்பு முழுவதும் குட்டி இருந்தால் டைக்ரமான்டியானா. இலை பென்சிலைப் போல் உருண்டு, நுனியில் மட்டும் சில குட்டிகள் இருந்தால் டெலகோயென்சிஸ். இவை இரண்டும் மடகாஸ்கரின் இயற்கைச் சிற்றினங்கள். இலை ஒடுங்கிய தோணியைப் போல் நடுவில் மடிந்து, அடியில் திட்டுகளும், விளிம்பில், முக்கியமாக மேல் பாதியில், குட்டிகளும் இருந்தால் அது இந்த இரண்டுக்கும் பிறந்த கலாஞ்சோ × ஹூட்டோனியை. 1930-களில் கலிபோர்னியாவில் ஆர்தர் ஹூட்டன் என்பவர் கலந்து உண்டாக்கியது அது. பெற்றோர் இரண்டுக்கும் நடுப்பட்ட வடிவம் இவ்வளவு தெளிவாகத் தெரியும் கலப்பினம் தொட்டிச் செடிகளில் அரிது. தரை இடுக்கு வரை வந்துவிட்டது என்று நீங்கள் சொல்வதும் அதற்கே பொருந்துகிறது, பெற்றோரை விட வேகமாகப் பரவக்கூடியது.

ஆபத்து என்று சொன்னது இதனால்தான். சிறுநீரகக் கல்லுக்கு ரணகள்ளி இலையை வெறும் வயிற்றில் மென்று தின்னும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. குட்டி போடுகிறது என்ற ஒரே அடையாளத்தை வைத்து எவரோ கொடுக்கும் இலையைத் தின்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். டெலகோயென்சிஸிலும் ஹூட்டோனியையிலும் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இவற்றை மேய்ந்த மாடுகள் இறந்திருக்கின்றன. உங்கள் பலகையில் இந்தச் செடிக்கு மட்டும் சரியான பெயரோடு, இதைத் தின்னக்கூடாது என்ற வரியையும் எழுதுங்கள். களைந்து எறிபவற்றை ஊருணிக் கரையில் கொட்டாமல் வெயிலில் காயப்போட்டு எரித்துவிடுவது நல்லது, ஆடுகள் மேயும் இடம் அது.

வளவுத்தோட்டம் எழுதியது:

ஐயா அவர்களுக்கும், அண்ணன்மார் இருவருக்கும் மிக்க நன்றி. முட்செடியைப் பார்த்துவிட்டேன். புதியதில் முட்கள் நேர்க்கோடு பிடித்தாற்போல் ஐந்து வரிசையாக நிற்கின்றன, ஆயாவின் செடியில் அப்படி வரிசை ஏதும் இல்லை. குட்டி போடும் செடியின் இலை தோணி வடிவம்தான். எச்சரிக்கை வரியை இன்றே எழுதி ஒட்டிவிட்டேன்.

எஞ்சியிருப்பது ரோஜா வடிவச் செடி. அதை எப்படி அறிவது? விதை போட்டுப் பார்த்தால் தெரியும் என்று ஒருவர் சொன்னார், அது சரியா?

பிரண்டைக்கொடி எழுதியது:

விதை போட்டுப் பார்ப்பது கொள்கை அளவில் நல்ல வழி. கலப்பினத்தின் பிள்ளைகள் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது, தாத்தா பாட்டிகளின் குணங்கள் பிரிந்து வெளிப்படும். ஆனால் நம் முற்றத்தில் அது நடைமுறைக்கு ஒத்துவராது. ஒற்றைச் செடி தன் மகரந்தத்தையே ஏற்று விதை கட்டும் என்று நம்ப முடியாது. பக்கத்துத் தொட்டியில் வேறொன்று பூத்திருந்தால் தேன்சிட்டு இரண்டையும் கலந்துவிடும், பிறகு விதையில் காண்பது எதைப் பற்றிய சான்று என்றே தெரியாது. இலையிலிருந்து முளைக்கும் கன்றுகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதை வைத்து இது தூய சிற்றினம் என்று சொல்பவர்களும் உண்டு. அவை தாயின் அச்சுகள், ஒரே மாதிரிதான் இருக்கும். அது எதற்கும் சான்று அல்ல.

மகரந்தத்தை அசெட்டோகார்மைன் சாயத்தில் நனைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறையும் உண்டு. உயிருள்ள துகள் உருண்டு சிவப்பாகத் தெரியும், மலடானது சுருங்கி நிறமின்றி நிற்கும். பெரும்பகுதி சுருங்கியிருந்தால் கலப்பினம் என்று ஐயப்படலாம். ஆனால் எச்சிவேரியாவும் அதன் மெக்சிகோ உறவுகளும் (கிராப்டோபெட்டலம், பாக்கிஃபைட்டம், சீடம் போன்றவை) இந்த விதிக்குள் அடங்குவதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் உல் என்பவர் பல்லாண்டுக் காலம் இவற்றின் குரோமோசோம்களை எண்ணியும் கலந்தும் ஆராய்ந்து, வெவ்வேறு பேரினங்கள் என்று நாம் சொல்பவையே தங்களுக்குள் எளிதில் கலக்கின்றன என்று காட்டினார். பேரினம் தாண்டிக் கலப்பது பெரும்பாலான குடும்பங்களில் அரிது, இங்கே அது அன்றாடச் செய்தி. அப்படிப் பிறந்தவற்றில் வளமான மகரந்தம் கொண்டவையும் உண்டு.

ஆகவே உங்கள் செடிக்குப் பூவைத்தான் பார்க்க வேண்டும். எச்சிவேரியாவின் இதழ்கள் தடித்து, ஒன்றையொன்று ஒட்டி, ஐந்து முனை கொண்ட சிறு குடத்தைப் போல நிற்கும். கிராப்டோபெட்டலத்தின் இதழ்கள் நட்சத்திரமாக விரிந்து, சிவப்புப் புள்ளியோ வரியோ தாங்கியிருக்கும். மகரந்தம் உதிர்ந்தபின் அதன் மகரந்தத்தாள்கள் பின்னோக்கி வளைந்துவிடும். பாக்கிஃபைட்டத்தில் இதழின் உட்புறம் சின்னஞ்சிறு செதில்கள் இருக்கும், பூவைப் பிளந்து உருப்பெருக்கியில் பார்த்தால் தெரியும். சீடத்தின் பூங்கொத்து பெரும்பாலும் தண்டின் நுனியிலிருந்து வரும், எச்சிவேரியாவினுடையது இலைக் கக்கத்திலிருந்து பக்கவாட்டில் வரும். இந்த அடையாளங்களில் இரண்டு பேரினங்களுக்கு உரியவை ஒரே பூவில் கலந்திருந்தால் அது கலப்பினம் என்று துணிந்து சொல்லலாம். பூக்கும் வரை காத்திருங்கள். மொட்டை மாடியில் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். நிழலில் இருந்தால் நம் வெக்கையில் தண்டு நீண்டு, வெண்பூச்சும் நிறமும் போய்ப் பூவும் வராது.

வளவுத்தோட்டம் எழுதியது:

மாசி பிறந்து பூத்துவிட்டது. கொத்து இலைக் கக்கத்திலிருந்து பக்கவாட்டில் வந்தது. பூ பாதி வரை மணியைப் போல் ஒட்டியிருந்து, மேல் பாதி நட்சத்திரமாக விரிந்திருக்கிறது. உட்புறம் சிவப்புப் புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது, மகரந்தத்தாள்களில் சில பின்னுக்கு வளைந்திருந்தன, சில நிமிர்ந்தே இருந்தன. செதில் எதுவும் என் உருப்பெருக்கியில் தென்படவில்லை.

கிராப்டோபெட்டலம், எச்சிவேரியா என்ற இரு பெயர்களையும் இணைத்துப் பலகைக்கு இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள் ஐயா: கிராப்டோவேரியா பராகுவாயென்ஸ்.

பிரண்டைக்கொடி எழுதியது:

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள், அம்மா. குடமும் நட்சத்திரமும் ஒரே பூவில் இருப்பதும், மகரந்தத்தாள்கள் பாதி வளைந்தும் பாதி வளையாமலும் நிற்பதும், எச்சிவேரியாவும் கிராப்டோபெட்டலமும் கலந்ததையே காட்டுகின்றன. இரண்டு திருத்தங்கள் மட்டும். பேரினங்கள் கலந்தது என்பதைக் காட்டும் பெருக்கல் குறி பெயரின் முன்னால் வர வேண்டும், அது இல்லாமல் எழுதினால் இயற்கைப் பேரினம் போல் ஆகிவிடும். பராகுவாயென்ஸ் என்பதை எடுத்துவிடுங்கள். தோட்டங்களில் எங்கும் இருக்கும் கிராப்டோபெட்டலம் பராகுவாயென்ஸ் ஒரு பெற்றோராக இருக்க வாய்ப்பு உண்டு என்றாலும், பூ நமக்குப் பேரினங்களைத்தான் சொன்னது, பெற்றோரின் பெயரைச் சொல்லவில்லை. மேலும், அந்தப் பெயர் பராகுவே நாட்டைக் குறித்தாலும், அந்தச் செடியின் தாயகம் மெக்சிகோவின் தமௌலிபாஸ் பகுதி. இடத்தைப் பிழையாகச் சொல்லும் பெயரைக் கலப்பினத்தின் தலையிலும் ஏற்றினால் பிள்ளைகளுக்கு இரட்டைக் குழப்பம்.

அதன் ரகப் பெயர் பின்னால் உறுதியாகத் தெரியவந்தால் ஒற்றை மேற்கோள் குறிக்குள் சேர்த்துக்கொள்ளலாம். 1959-க்குப் பிறகு வைக்கப்படும் ரகப் பெயர்கள் இலத்தீனில் இருக்கக்கூடாது என்பது விதி, ஆகையால் புதிய செடி ஒன்றை இலத்தீன் ரகப் பெயரோடு யாராவது விற்றால் ஐயப்படுங்கள்.

வளவுத்தோட்டம் எழுதியது:

திருத்தி எழுதிவிட்டேன். இன்று காலை தொட்டியில் வைத்த பலகையில் இருப்பது இது: × கிராப்டோவேரியா. தோட்டக் கலப்பினம், பெற்றோர் சிற்றினங்கள் தெரியவில்லை. ஊட்டியிலிருந்து வந்ததாகச் சொல்லி விற்கப்பட்டது. பூ பார்த்து உறுதி செய்தது மாசி மாதம். ஆயாவின் முட்செடிக்கு யூபோர்பியா மிலி என்று எழுதி, அதன் கீழே ஆயாவின் பெயரையும் அவர் அதை நட்ட காலத்தையும் சேர்த்திருக்கிறேன். மீதித் தொட்டிகளுக்கு நோட்டு ஒன்று போட்டாயிற்று, பூக்கப் பூக்க இங்கே வந்து கேட்கிறேன்.